நாலு கார்புரேட்டரும் ஒரு வாளி மண்ணும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனது. கோர்வையாக எழுத வராது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன். மறதியும் வந்துவிட்டது. நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறந்து பேசியும் எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை மறைக்கவில்லை.

போன மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு பெரிய மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க அப்பா காலத்துல சிவகாசியில ஒரு மெக்கானிக் இருந்தான். எப்பப் பாத்தாலும் சப்பான் காரு, சப்பான் எஞ்சின்னு வாய் கிழியப் பேசுவான். ஒருநா நெசமாவே ஒரு சப்பான் காரு வந்து நின்னுச்சு. என்ன செஞ்சான் தெரியுமா? ஓடுற எஞ்சினுக்குள்ள ஒரு வாளி மண்ண அள்ளி வீசிட்டான்!"

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவர்கூட வாளியோடு நின்று சிரித்தார். நான் கையிலிருந்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டேன்.

அந்த மனிதர் மண்ணை வீசவில்லை. அது பொய். பொய் என்று தெரிந்த ஆட்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அங்கேயும் நான் வாய் திறக்கவில்லை. பாயசம் வேண்டாம் என்று கையை மட்டும் காட்டிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை என் மேலேயே எனக்கு எரிச்சல். ஊரில் ஒருவருடைய பெயர் ஐம்பது வருடத்துக்கு மேலாகச் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. அதைச் சரி செய்யக்கூடியவள் இலையை மடக்கிவிட்டு வந்துவிட்டாள். அதனால்தான் இந்த நோட்டை வாங்கினேன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள் எங்கெங்கோ இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதக் கூடாது. நாங்கள் அண்ணாச்சி என்போம். முதுகுக்குப் பின்னால் ஊர் முழுக்க 'சப்பான்' என்றது.

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில், எங்கள் தெரு முனையில், முனிசிபாலிட்டிக் குழாய் இருந்தது. குழாயை ஒட்டி அவருடைய தகர ஷெட். குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு ஆள் தன் வாழ்க்கைக் கதையையே சொல்லி முடித்துவிடலாம். அண்ணாச்சி தன் கதையைச் சொல்ல மாட்டார். எஞ்சின் கதை சொல்வார். எங்களுக்குச் சொல்வதும் இல்லை. யாராவது லாரிக்காரர் மாட்டிக்கொள்வார், அவரிடம் கத்திச் சொல்வார். இடது காது அவருக்குக் கேட்காது, அதனால் பேச்சே கத்தல்தான். வரிசையில் குடத்தோடு நிற்கிற எங்களுக்கும் சேர்த்து விழும். பிஸ்டன் என்பதும் வால்வு என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

காக்கி அரைக்கால் டவுசர், மேலே சட்டை கிடையாது, வலது காதில் ஒரு பென்சில். ஷெட்டின் உள்சுவரில் சாமி படம் இல்லை. வழவழப்பான தாளில் அச்சடித்த கார் படங்கள்தான் ஒட்டியிருக்கும். ஒரு லித்தோ பிரஸ்ஸில் மிஷின் ரிப்பேர் பார்க்கப் போனபோது, அச்சு மைக் கம்பெனிக்காரர்கள் 'எங்கள் கலர் எப்படி விழுகிறது பாருங்கள்' என்று அனுப்பிய மாதிரித் தாள்களை அங்கே வீசிவிட்டிருந்தார்களாம். அதில் ஜப்பான் கார்களும், ஒரு எஞ்சினைப் பலாப்பழத்தை வகுந்து வைத்த மாதிரி பாதியாய் வெட்டி வரைந்த படமும் இருந்தன. எடுத்துவந்து ஒட்டிவிட்டார். அதோடு வந்த இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் பிரஸ் மேனேஜரைப் பிடித்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த மேனேஜர் அண்ணாச்சியைத் தூரத்தில் கண்டாலே சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

அந்தப் படங்களில் அவருக்கு ஒன்றுதான் உசத்தி. இரண்டே பேர் உட்காரும் குட்டிக் கார். செய்தது மோட்டார் சைக்கிள் கம்பெனியாம். அதன் எஞ்சினைப் பற்றிச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

"அறுநூறு சி.சி.தான்லே. நம்ம ஊரு புல்லட்டவிட ரெண்டு மடங்குகூட இல்ல. அதுக்கு நாலு சிலிண்டரு. நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா நாலு கார்புரேட்டரு. நாலு புள்ளைக்கு நாலு தட்டு வைக்கிற மாதிரி. ஒருத்தன் தட்டுல இன்னொருத்தன் கை வைக்க முடியாது. நிமிசத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் சுத்து சுத்தும். உன் லாரி அந்தச் சுத்து சுத்துனா பிஸ்டன் விருதுநகர் டேசன்ல போயி விழும்."

மற்ற ஜப்பான் கார்களையும் விட்டுவைக்க மாட்டார். கொஞ்சம் பெரிய கம்பெனியின் இரண்டு சீட் கார் ஒன்று, பார்க்க அழகாய் இருக்கும், நான் அதைத்தான் நல்ல கார் என்று நினைத்திருந்தேன். "அதுவா? அது வெள்ளைக்காரன் எஞ்சினப் பாத்து எழுதுன பரிச்ச. லாரிக்குச் சில்க் சட்ட மாட்டிவிட்டிருக்கான்" என்பார். இன்னொன்று இரண்டே சிலிண்டர், காற்றிலேயே ஆறிக்கொள்ளும் எஞ்சின். அதன் மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. "தண்ணி வேண்டாம், எடையும் இல்ல. தண்ணியில்லாத நம்ம ஊருக்கு அதுதான் லாயக்கு" என்று குழாயைப் பார்த்துச் சொல்வார். பிஸ்டனே இல்லாமல் முக்கோணமாய் ஒன்று உள்ளே சுற்றுகிற எஞ்சினை ஒரு கம்பெனி செய்கிறது என்று மேனேஜர் ஒருநாள் வாசித்துக் காட்டினாராம். அன்றைக்கு முழுக்கக் கோபம். "முக்கோணத்துக்கு மூணு முன இருக்குல்ல? அந்த முன தேயுமா தேயாதா? தேஞ்சா எங்கன வச்சு அடைப்பான்? எவன்ட்ட வந்து கத விடுறான்?" ஏதோ அந்த ஜப்பான்காரன் எதிரில் நிற்கிற மாதிரி ஸ்பேனரை வீசிப் போட்டார். அது வந்து பட்டதில் என் குடம் நசுங்கியது. மன்னிப்புக் கேட்கவில்லை. "ஏ புள்ள, குடத்த ஏன் அங்கன வைக்க?" என்று என்னைத்தான் கத்தினார். அவ்வளவு பேர் முன்னால் கத்தியதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரம் தண்ணீருக்கு என் தங்கச்சியை அனுப்பினேன்.

வரிசையில் வாய்த்துடுக்கான ஒரு அக்கா உண்டு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். அவள் மட்டும் அண்ணாச்சியைச் சும்மா விட மாட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, உங்க வீட்டுல ஆறு பேரு. ரெண்டு பேரு காருல நீங்க எப்படிப் போவீக?"

"நாலு பேரு நடந்து வரட்டும்."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் சொல்வார், "அஞ்சு பேரு நடக்கோம். மொதல்ல நீங்க காரக் கொண்டாங்க."

அந்த அக்காதான் ஒருநாள் இன்னொன்றும் கேட்டாள். "உங்கக் காத அடிச்சுச் செவிடாக்குனதே சப்பான்காரப் பயலுவதான? அவனுக காருக்குப் போயி இம்புட்டு வக்காலத்து வாங்குறீகளே, வெக்கமா இல்ல?"

அது நிஜம். யுத்த காலத்தில் அவர் மலேயாவில் இருந்திருக்கிறார். ஜப்பான் பட்டாளம் வந்தபோது அவர்களுடைய லாரி ஷெட்டில் வேலைக்குப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். ஒரு ஆபீசர் கன்னத்தில் அறைந்ததில் இடது காது போனது. அண்ணாச்சி அன்று கத்தவில்லை.

"அடிச்சவன் பட்டாளத்துக்காரன். எஞ்சின் செஞ்சவன் வேற ஆளு" என்றார். "அன்னைக்கு அவனுக லாரிய நான் கழட்டி மாட்டியிருக்கேன். குப்ப. மழ பேஞ்சா நின்னுரும். தோத்தானுக. ஊரே சாம்பலாப் போச்சு. சைக்கிள்ல சின்ன மோட்டாரக் கட்டி ஓட்டிக்கிட்டு இருந்தவன், இருவது வருசத்துல இங்க வந்துட்டான். நம்ம என்ன செஞ்சோம்? வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போன செத்த எஞ்சினுக்குச் சந்தனம் தடவி, மால போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துறோம். எனக்கு அவன் மேல கோவம் இல்ல. நம்ம மேலதான்."

அவருடைய குணமே அதுதான். ஒரு எஞ்சினில் கோளாறு என்றால் எஞ்சினைக் குறை சொல்ல விடமாட்டார். "எஞ்சின் தப்புப் பண்ணாது. கைதான் தப்புப் பண்ணும். எந்தக் கைன்னு மொதல்ல சொல்லு" என்பார். வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து பெரிய சம்சாரி ஒருவர், ஏக்கர் ஏக்கராய்ப் பருத்தி போடுகிறவர், காரைக் கொண்டுவந்து "எஞ்சின் சரியில்லப்பா" என்றார். மூடியைத் திறந்து பார்த்த அண்ணாச்சி, "எண்ணெ மாத்தி எத்தன வருசம்?" என்றார். "எண்ணெய மாத்தணுமா? ஊத்துனா போதும்னாங்களே" என்றார் அவர். "உங்க வீட்டு எருமைக்குக் கழனித் தண்ணியாவது மாத்தி வைக்கிறீகளா, இல்ல போன வருசத்துதான் கெடக்கா? கொண்டுபோங்க. சொந்தக்காரன் கையில கோளாறுன்னா நான் எப்படி ரிப்பேர் பாக்கது?" அந்தச் சம்சாரி அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. இப்படி எத்தனையோ பேர். அவர் சம்சாரம் தீப்பெட்டி ஒட்டித்தான் அடுப்பு எரிந்தது. எனக்கு அவர் மேல் மரியாதை எப்போதும் இருந்ததில்லை. பயம் இருந்தது. என்னத்துக்கு இந்த மனிதர் இப்படி எரிந்து விழுகிறார் என்ற சலிப்பும் இருந்தது.

நான் வேலை பார்த்தது பட்டாசுக் கம்பெனியில். கம்பெனி பெயரும் முதலாளி பெயரும் வேண்டாம். அங்கே கேட்டுக்குள் எந்த வண்டியும் ஓடி வரக் கூடாது. லோடு ஏற்ற வருகிற லாரி வெளியே நின்று எஞ்சினை அணைக்க வேண்டும். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் பின்னால் நின்று உள்ளே தள்ளிக்கொண்டு போவோம். லோடு ஏற்றியதும் மறுபடி வெளியே தள்ளுவோம். உள்ளே ஒவ்வொரு ரூம் வாசலிலும் சிவப்புப் பெயிண்ட் அடித்த மண் வாளிகள் தொங்கும். போர்மேன் எந்த நேரத்திலும் "தீ!" என்று கத்துவார். யார் முதலில் வாளியைத் தூக்கி வீசுகிறார்கள் என்று பார்ப்பார். பிந்தியவள் வெயிலில் நிற்க வேண்டும். நான் வாயில்லாப் பூச்சி, ஆனால் வாளி தூக்குவதில் என்னை எவளும் முந்தியது கிடையாது. என் சித்தி மகள் ஒருத்தி பக்கத்து ஊர்க் கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்துச் செத்துப்போனாள். அவள் முகத்தை எங்களுக்குக் காட்டவில்லை. அதற்கப்புறம் 'பட்' என்று எங்கே சத்தம் கேட்டாலும் என் கை தானாக வாளியைத் தேடும்.

இந்தி எதிர்ப்புக் கலவரம் நடந்த வருடம், அல்லது அதற்கு அடுத்த வருடம். கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி ஆர்டர் கொடுக்க வந்தார். கார்ப் பந்தயப் பைத்தியமாம். தன் காரைத் தூத்துக்குடிக்குக் கப்பலில் ஏற்றி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டு, எங்கள் ஊரில் வேலையை முடித்துவிட்டு மெட்ராஸ் பந்தயத்துக்குப் போகிறார். கேட்டுக்கு வெளியே வந்து நின்ற காரைப் பார்த்தேன். சிவப்பு. குட்டி. அண்ணாச்சி ஷெட்டுச் சுவரில் இருந்த அதே கார்.

வழியெல்லாம் எஞ்சின் இருமிக்கொண்டு வந்திருக்கிறது. முதலாளி, "இம்புட்டுத்தானா? நம்ம ஊர்லயே ஒரு ஆளு இருக்கான், சப்பான் எஞ்சின்னா கரைச்சுக் குடிச்சவன்" என்று ஆள் அனுப்பிவிட்டார். அதே முதலாளிதான் தன்னுடைய நீளமான அமெரிக்கக் காரை அண்ணாச்சி "இது காரு இல்ல மொதலாளி, கட்டிலு" என்று சொன்னதற்காக மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்.

அண்ணாச்சி சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரைச் சட்டையோடு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். தொடவில்லை. பிறகு, "என் ஷெட்டுக்குத் தள்ளிட்டுப் போறேன் மொதலாளி. பொழுது சாயுமுன்ன குடுத்துருதேன்" என்றார்.

"அந்தத் தகரக் கொட்டாய்க்கா? அவுக என்ன நெனைப்பாக? உள்ள தள்ளுங்க. ஆபீஸ் வாசல்ல வேப்பமர நெழல்ல வச்சுப் பாரு. போட்டாக்காரனையும் வரச் சொல்லியிருக்கேன்."

"உள்ள எஞ்சின ஓட்டக் கூடாதே மொதலாளி."

"ஓட்டாமப் பாரு."

"ஓட்டாம எப்படிப் பாக்கது? நாலு கார்புரேட்டரும் ஒண்ணா மூச்சு விடுதான்னு கேக்கணும்ல?"

"சும்மா ரெண்டு நிமிசம் ஓட்டிக்கோ. கம்பெனி என்னதா, உன்னதா?"

அண்ணாச்சி மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரிடம் வேண்டுமானாலும் மாட்டேன் என்று சொல்கிற மனிதர். அந்தக் கார் மட்டும் எதிரில் இல்லாமல் இருந்திருந்தால் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லியிருப்பார். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். முதலாளியைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். மரத்துக்கு இருபது தப்படி தள்ளி எங்கள் ரூம், அதற்குள் திரி வைத்த சரம் மலை மாதிரிக் கிடந்தது. பிறகு காரைப் பார்த்தார். அதோடு முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்தப் பார்வைக்காக எனக்கு அவர் மேல் கோபம் வருகிறது. உள்ளே எண்பது பொம்பளைகள் இருந்தோம் அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் பத்துப் பேர் காரை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். சாப்பாட்டு நேரம். எங்களையெல்லாம் கார் பார்க்க ரூமை விட்டு வெளியே வரச் சொன்னார் போர்மேன். கொழும்புக்காரர் ஆபீசுக்குள் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி காரின் மூடியைத் திறந்து, காற்றுப் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தார். நாலு கார்புரேட்டருக்கும் நாலு வாய் வரிசையாய்த் தெரிந்தது. சாவியைத் திருப்பினார். அது லாரி மாதிரி உறுமவில்லை, ஒரு மாதிரி விசில் போல இருந்தது. ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு நுனியை வலது காதில் வைத்தார், மறு நுனியை முதல் வாயில் வைத்தார். கேட்டார். திருகினார். இரண்டாவது வாய். மூன்றாவது. கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருக்கும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அந்த வருடம் தீப்பெட்டி ஆபீசை விட்டு எங்கள் கம்பெனிக்கு வந்திருந்த வாய்த்துடுக்கு அக்காகூட, "ஏட்டி, சப்பான் சிரிக்காரு பாரு" என்று என் இடுப்பில் கிள்ளினாள்.

நாலாவது வாயைத் திருகிவிட்டு, எஞ்சினை ஒரு முடுக்கு முடுக்கினார். 'பட்' என்றது. நாலாவது வாயிலிருந்து விரல் நீளத்துக்குத் தீ வெளியே எட்டிப் பார்த்தது.

அது ஒன்றுமில்லையாம். அப்படி எஞ்சின் ஒரு தடவை தும்மும், உடனே தீயைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. எல்லாரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். நான் வாளியைப் பார்த்து ஓடினேன். போர்மேன் பழக்கிய பழக்கம் அப்படி. இரண்டு எட்டு, ஒரு வீச்சு. ஒரு வாளி மண்ணும் அந்த நாலு வாய்க்கும் நேராகப் போனது. ஓடுகிற எஞ்சின் அதை அப்படியே உறிஞ்சியது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மியில் கண்ணாடியை வைத்து அரைத்த மாதிரி. பிறகு நின்றுவிட்டது.

ஆமாம், நான்தான். என் கைதான்.

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். எட்டி வந்து என் கையிலிருந்த காலி வாளியை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். அதற்குள் முதலாளி வெளியே ஓடிவந்துவிட்டார்.

"எவ போட்டா? எவடி அவ? இன்னைக்கே சீட்டக் கிழிக்கேன்!"

நான் நின்றேன். வாய் திறக்க நினைத்தேன். எங்கள் வீட்டில் என் வேலையை நம்பி நாலு வயிறு. ஆனால் அதையெல்லாம் யோசித்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். எப்போதும் எழாத நாக்கு.

"நாந்தான் போட்டேன்" என்றார் அண்ணாச்சி. வாளி அவர் கையில் இருந்தது.

"நீயா? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"தீ வந்துச்சு. மருந்து கெடக்குற எடம். போட்டேன்."

கொழும்புக்காரர் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. "இதை நீங்களே கழட்டிச் சரி செய்யேலுமோ?" என்று கேட்டார். அந்த எஞ்சினைக் கழற்றிப் பார்க்க அந்த மனிதர் தன் உயிரைக்கூடக் கொடுத்திருப்பார் என்று குழாயடியில் நின்ற எல்லாருக்கும் தெரியும். சுவரில் படம் பார்த்தே வருடங்களை ஓட்டியவர்.

"வேண்டாம் ஐயா" என்றார். "உள்ள இருக்கது உருள பேரிங்கு. அழுத்திச் சேத்தது. என்கிட்ட அதுக்குண்டான மிஷினும் இல்ல, அளவும் இல்ல. நான் கை வச்சா மிச்சமும் போயிரும். சப்பானுக்கே அனுப்புங்க."

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீகளா? அவன் வாயாலயே தெரியாதுன்னுட்டான்!" மறுநாளே ஊர் பூராவும் பரவிவிட்டது. சப்பான் எஞ்சினைக் கரைத்துக் குடித்தவன், கடைசியில் தீயைக் கண்டு பயந்து எஞ்சினில் மண்ணைக் கொட்டினான், கழற்றிச் சரி செய்யச் சொன்னால் தெரியாது என்றான். உள்ளே எஞ்சினை ஓட்டச் சொன்னது யார் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. ஒரு ஆள்! தள்ளிக்கொண்டு வந்த நாங்கள் பத்துப் பேர் இருந்தோம். போர்மேன் இருந்தார். வெற்றிலை பாக்குக் கடையில் முதலாளியே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். லாரிக்காரர்கள் ஷெட்டுக்கு வருவது குறைந்தது. வந்தவனும் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால், "அண்ணாச்சி, மண்ணு கிண்ணு பக்கத்துல இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவான்.

குழாயடியில் அவர் சம்சாரம் ஒருநாள் குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு மனுசன் பெத்த புள்ளயத் தூக்கிப் போட்டாலும் போடுவாக, எஞ்சினுல மண்ணப் போட மாட்டாக. எவளோ செஞ்சிருக்கா. எங்கயும் நல்லா இருக்கட்டும்." நான் அவருக்கு அடுத்த குடம்.

அதற்கு மேல் தாங்கவில்லை. மறுநாள் மத்தியானம், ஷெட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனேன். சொல்ல வேண்டியதை வீட்டிலிருந்தே மனசுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அண்ணாச்சி, நான் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், வேலை போனால் போகட்டும். இதுதான் சொல்ல வேண்டியது.

"அண்ணாச்சி, அந்த மண்ணு..."

அவர் தலை நிமிராமலே கேட்டார். "சலிச்சதா, சலிக்காததா?"

"என்னது?"

"வாளி மண்ணு. சலிச்சு வச்சிருந்தீகளா, ஓடையில அள்ளுனத அப்படியே கொட்டி வச்சிருந்தீகளா?"

"சலிச்சது அண்ணாச்சி. கல்லு இருந்தா ஆளு மேல படும்னு போர்மேன் சலிக்கச் சொல்லுவாரு."

"அதான பாத்தேன்." பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "சலிக்காததுன்னா தொண்டையிலேயே நின்னுருக்கும். சலிச்சது வால்வத் தாண்டிப் போயிருக்கும். சிலிண்டரு பூராக் கோடு விழுந்திருக்கும்." தரையில் ஏதோ படம் போட ஆரம்பித்தார்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பத்து நாளாய்ச் சோறு தண்ணீர் இல்லாமல் நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனிதருக்கு மண்ணைப் பற்றித்தான் கவலை. என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒரு ஆம்பளையிடம் குரலை உயர்த்தினேன்.

"நீங்க ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீக? நான் கேட்டனா?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "மண்ணப் போட்டது சரி புள்ள. அத நீ போடலன்னாத்தான் தப்பு. மருந்துப் பக்கத்துல எஞ்சின ஓட்டுன கை எது? என் கை. அப்ப மண்ணு போட்டதும் என் கைதான். இதுல நீ எங்க வந்த? போயி உன் சோலியப் பாரு."

போனேன். என் சோலியைத்தான் பார்த்தேன். முதலாளியிடம் போகவில்லை. அவர் சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அவருக்கு எஞ்சின் கணக்கு சரியாய் முடிந்துவிட்டது. நான் ஒரு மனுசி என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தையை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இத்தனை வருடமும் அவரைத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு அழுதும் இருக்கிறேன். அவர் எடுத்துக்கொண்டது ஒரு தடவைதான். அதற்கப்புறம் அதைத் திருப்பி வாங்க எனக்கு ஆயிரம் நாள் இருந்தது.

ஒன்றரை வருடத்தில் ஷெட்டை மூடிவிட்டு ஆலங்குளம் பக்கம் குடிபோனார்கள். சைக்கிளில் ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ரிப்பேர் பார்த்தார் என்று கேள்வி. அங்கேயும் சம்சாரிகளோடு சண்டைதான் போட்டிருப்பார். இறந்தபோது எனக்குச் செய்தி வந்தது. போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

இதை வாசிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்க்க வேண்டும். அறுநூறு சி.சி. என்று எழுதியிருக்கிறேன், எட்டாயிரத்துச் சொச்சம் சுற்று என்று எழுதியிருக்கிறேன். காதில் விழுந்ததைத்தான் எழுதினேன், தப்பாக இருக்கும். முக்கோணம் சுற்றுகிற எஞ்சின் நிஜமாகவே வந்ததா, அதன் முனை தேய்ந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள். கலவரம் நடந்த வருடமா, அடுத்த வருடமா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. கம்பெனியில் விபத்து நோட்டு என்று ஒன்று உண்டு. அன்று சாயந்திரம் போர்மேன் அதில் எழுதினார்: மெக்கானிக்கின் கவனக்குறைவால் காரில் தீ, மெக்கானிக்கே மண்ணைக் கொட்டி எஞ்சினைப் பாழாக்கினார் என்று. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். எங்கள் ரூமில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கூப்பிட்டார்கள், போட்டேன். அந்த நோட்டு இன்னும் எங்காவது கிடந்தால், தயவுசெய்து யாராவது எடுத்துப் பாருங்கள். கீழே சாட்சி என்ற இடத்தில், உருண்டை உருண்டையான எழுத்தில், ஒரு பெயர் இருக்கும். மண்ணைக் கொட்டியவர் என்று இருக்கிற இடத்தில் அவருடைய பெயரை அடித்துவிட்டு, அந்தப் பெயரை மேலே எழுதுங்கள். யார் கேட்டாலும் என்னிடம் அனுப்புங்கள். நான் சொல்கிறேன்.